ஆளில்லாத அறையின் விளக்கு

சேக்காட்டில் எங்கள் வீட்டில் சுவிட்சை அணைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. என் மனைவி ராணி சமையலறையிலிருந்து கால் எடுத்து வெளியே வைப்பதற்குள் விளக்கை அணைத்துவிடுவேன். அப்பேர்ப்பட்ட தங்கராஜாகிய எனக்குப் பக்கவாதம் வந்து, பேச்சும் வலது கையும் போய், ஆவடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே என்னை மிஞ்சியவர் ஒருவர் எனக்கு முன்பே வந்து போயிருந்தார்.

மின்சாரத் தணிக்கை செய்யும் ஹேமநாதன். ஆளில்லாத அறைகளில் விளக்கும் ஃபேனும் ஓடுகின்றன என்று கண்டுபிடித்து, அறைக்கு அறை கூரையில் ஒரு சென்சார் வைக்கச் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் எதுவும் அசையாவிட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம்; எல்லாம் அணைந்துவிடும். நோயாளிகளுக்கு அசையாமல் படுத்திருக்கும் வழக்கம் உண்டு என்று அந்த மேதாவிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ராணி இருக்கும்வரை கவலையில்லை. ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டாள். அசந்து தூங்கி விளக்கு அணைந்தால் எழுந்து கையை வீசுவாள். "ஊட்ல லைட்ட அமத்திகினே இருந்த இல்ல, இப்ப நல்லா அனுபவி" என்று சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். வலது கை தானாக அசைந்தால்தான் நம்பிக்கை வைக்கலாம் என்று டாக்டர் திவ்யா அவளிடம் சொல்லியிருந்தார். தினமும் வந்து தூக்கச் சொல்வார். வராது.

அவள் டீ வாங்கப் போனால்தான் வினை. ஜன்னல் இல்லாத அறை. விளக்கு போகும், ஃபேன் நிற்கும், வேர்த்துக் கொட்டும். டிரிப்ஸ் ஏறும் இடது கையை அட்டையோடு கட்டியிருந்தார்கள். காலை ஆட்டினால் போர்வைதான் ஆடியது. சென்சார் அதைச் சட்டை செய்யவில்லை. உயிரோடு படுத்திருப்பவனை இல்லை என்று சொல்ல இது யார்? ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விளக்கு எரிந்தது. கதவைப் பார்த்தேன், யாருமில்லை. என் வலது கை ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டுப் பொத்தென்று விழுந்தது.

அதன்பின் அவள் வெளியே போகும்போதெல்லாம் தூக்கினேன். வெளிச்சத்தில் டாக்டர் கேட்டால் மட்டும் வராது. அதற்கு இருட்டும் கோபமும் வேண்டியிருந்தது. இதை வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை.

நர்ஸ் ஜமீலா கதவுக் கண்ணாடி வழியே கவனித்திருக்கிறாள். ஆளில்லாத நேரத்தில் என் அறையில் விளக்கு தானாக எரிகிறது என்று புகார் போயிற்று. ஹேமநாதனே வந்துவிட்டார். சென்சார் பழுது, மாற்றிவிடலாம் என்றார். சோதித்துப் பார்க்க எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொன்னார். ராணிகூட மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். விளக்கு அணைந்தது.

எனக்கு வழக்கமான கோபம் வந்தது. விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா, யாரும் அசையல. தானா எரியுது" என்று ஹேமநாதன் கூரையைக் காட்டினார்.

"மேல பாக்காத சார்" என்றாள் ராணி. "கட்டில்ல ஆளு கீது."

ஓடி வந்து, விழப்போன கையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். "கரண்டு செலவானா ஆவட்டும்" என்றாள். "இன்னொரு தபா தூக்குய்யா."