கடுதாசியில் பதின்மூன்று

ஐந்தாம் வகுப்பில் ஆறு பிள்ளைகள். அவர்களுடைய தாய் தகப்பன்மாரைச் சிற்றம்பலம் வாத்தியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச்சொல்லியிருந்தார். நான்கு பேர் வந்தார்கள். பிள்ளைகளின் வாங்குகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அழகையாவுக்கு அந்த வாங்கு புதிது. பசறைக்கு மேலே மூன்று மைலில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன்தான். ஆனால் முப்பத்தாறு வயது வரைக்கும் பள்ளிக்கூடத் தகரக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. கூரை போட்டபோது வெளியே ஏணி பிடித்திருக்கிறான், அவ்வளவுதான்.

வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரே அறையில் ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவரே.

"ஐஞ்சாம் வகுப்பு எண்டால் விளையாட்டில்லை" என்று தொடங்கினார். "முதல் தவணை பின்னக்கணக்கு. ரெண்டாந் தவணை கடிதம் எழுதப் பழக்குவன். அதுக்குப் பிறகு சோதினைக்குப் படிப்பு. பிள்ளையள் வீட்டிலை எதிர்த்துக் கதைப்பினம். ஏன், எதுக்கு எண்டு கேப்பினம். அடிக்கக் கூடாது. விறகுக்கும் அனுப்பக் கூடாது."

"அப்ப அடுப்பெரிக்க நீங்க வருவீங்களா வாத்தியாரையா?" என்றாள் பின் வாங்கில் இருந்த ஒருத்தி.

"வாறன். உன்ரை குழம்பைத் தின்னச் சொல்லாட்டிச் சரி."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் வாத்தியார் சொன்னார்: "வருசம் முடியேக்கை இதிலை ஒரு பிள்ளையும் கைநாட்டு வைக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்த நான்கு பேரும் கைநாட்டுக்காரர்கள்.

கூட்டம் கலைந்தபோது வாத்தியார் அழகையாவை நிறுத்தினார். "உம்மடை ஜெயலெட்சுமி கெட்டிக்காரி. இதோடை விட்டிடாதையும். பதுளையிலை ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் கிடக்கு. விடுதியிலை இருந்து படிக்கலாம், ஒண்டும் கட்டத் தேவையில்லை. ஒரு சோதினை வைச்சு எடுப்பினம். பன்ரண்டு வயசுக்கு மேலை போகக் கூடாது. பிறப்புப் பத்திரம் இருக்கோ?"

"இருக்குங்கையா" என்றான் அழகையா.

இருந்தது. அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், சாமி படத்துக்குப் பின்னால், பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தது. ஆனால் அது இந்தப் பிள்ளையின் பத்திரம் இல்லை.

அழகையாவுக்கும் இராக்கம்மாவுக்கும் முதலில் பிறந்தது நாற்பத்துநான்காம் ஆண்டு. ஜெயலெட்சுமி என்று பெயர் வைத்தார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் காய்ச்சல் கண்டு எட்டாம் மாதம் செத்துப்போனது. மூன்று வருடம் கழித்து இன்னொரு பெண் பிறந்தது. விட்டுப்போனவள் திரும்பி வந்துவிட்டாள் என்று அதே பெயரை வைத்தார்கள். இராக்கம்மா லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் தாய்வீட்டில் பெற்றாள். பிறப்பை எழுதிவைப்பது தோட்டத்து மருந்துக்காரர் வேலை. இந்தத் தோட்டத்தில் எழுதியிருப்பார்கள் என்று அந்தத் தோட்டத்து மருந்துக்காரரும், அங்கே எழுதியிருப்பார்கள் என்று இந்தத் தோட்டத்து மருந்துக்காரரும் விட்டுவிட்டார்கள். அழகையாவும் அலட்டிக்கொள்ளவில்லை. பெயர் ஒன்றுதான், தகப்பன் பெயர் ஒன்றுதான், பத்திரம் ஏற்கனவே கையில் இருக்கிறது. பிறகு எதற்கு இன்னொன்று?

ஐம்பத்தொன்றில் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனு எழுதினார்கள். பசறை கடைவீதியில் மனு எழுதும் வாஹித், "எத்தனை பிள்ள?" என்று கேட்டார். "ஒண்ணு." பத்திரத்தைப் பார்த்துப் பிறந்த தேதியை எழுதிக்கொண்டார். அழகையா கைநாட்டு வைத்தான். சேதி முடிந்தது.

வாத்தியார் சொன்னபடியே அந்த வருடம் நடந்தது. ஜெயலெட்சுமி எதிர்த்துப் பேசினாள். மழை நாளில் கொழுந்தில் தண்ணீருக்கென்று ஏன் இவ்வளவு எடை கழிக்கிறார்கள், அது எத்தனையில் எத்தனை பங்கு என்று தாயைக் கேட்டாள். "போய்க் கணக்கப்பிள்ளையக் கேளுடி" என்றாள் இராக்கம்மா. மறுநாள் அவள் உண்மையிலேயே போய்க் கேட்டுவிட்டாள். வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை மாடசாமி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் அழகையாவைப் பிடித்தார்.

"என்னடா, ஒன் மக எனக்குக் கணக்குச் சொல்லித் தர்றா? தொரை வேலைக்கு மனுப் போடச் சொல்லு."

அழகையா தலையைச் சொறிந்தான். அடிக்கக் கூடாது என்று வாத்தியார் சொன்னது நினைவிருந்தது. இருந்தும் அன்றைக்கு ஓர் அடி போட்டான்.

இரண்டாம் தவணையில் அவள் கையெழுத்துப் போடப் பழகினாள். முழுப் பெயரையும் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டின் முனையில் இரண்டு புள்ளி. கரித்துண்டால் காம்பராச் சுவரில் எழுதினாள், சாம்பலில் விரலால் எழுதினாள். அடுப்படியில் கையெழுத்தை மிதித்துவிடாமல் இராக்கம்மா சுற்றிப் போவாள்.

செப்டம்பரில் வாத்தியார் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். பள்ளியில் சேர்த்தபோது அவர் அதைக் கேட்டிருக்கவில்லை. ஆளைப் பார்த்து வயதைப் போட்டிருந்தார்.

"என்ன காணும் இது? பதின்மூண்டு எண்டெல்லே கிடக்கு!"

அழகையா நடந்ததைச் சொன்னான். வாத்தியார் நெற்றியைத் தேய்த்தார். கோபிக்கவில்லை. "பயப்பிடாதையும். மூத்தது செத்துப் போச்சு, இது நாப்பத்தேழிலை பிறந்தது எண்டு சத்தியக் கடுதாசி குடுத்துப் பதியலாம். நானும் கையெழுத்து வைக்கிறன். ஐப்பசி முடிய முந்திச் செய்யவேணும்."

அதே கிழமை மண்ணிற உறை ஒன்று வந்தது. ஆறு வருடமாகக் கிடந்த பிரஜாவுரிமை மனுவுக்குப் பதுளையில் விசாரணை. பெண்சாதி பிள்ளையோடு வர வேண்டும்.

பிறப்புப் பத்திரத்தையும் அந்த உறையையும் எடுத்துக்கொண்டு அழகையா வாஹித்திடம் போனான். வாஹித் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யோசித்தார்.

"அன்னைக்கே ஏன் சொல்லல்ல?"

"நீங்க செத்ததக் கேக்கலீங்களே."

"இப்ப ரெண்டு பிள்ளன்னு சத்தியம் பண்ணினா, அன்னைக்கு எழுதினது பொய்யின்னு ஆயிரும். பொய் மனுன்னு தள்ளிருவாங்க. ஒனக்கும் இல்ல, பொஞ்சாதிக்கும் இல்ல, பிள்ளைக்கும் இல்ல. பொறகு எந்த நேரத்துல இந்தியாவுக்குக் கப்பலேத்துவானோ தெரியாது. தள்ளுறதுக்குக் காரணம் தேடிக்கிட்டுத்தான் ஒக்காந்திருக்கிறானுக."

"அப்ப பள்ளிக்கூடம்?"

"நா மனு எழுதுறவன். ரெண்டுல ஒண்டத்தான் எழுதலாம்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது இராக்கம்மா கூடையின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"நா ரெண்டு பெத்தேன்" என்றாள். "ஒண்ணுன்னு எழுத ஒங்களுக்கு எப்பிடி மனசு வந்துச்சு?"

"இருக்கிறத எழுதினேன்."

"இருக்கிறத எழுதல. செத்தத எழுதியிருக்கீங்க."

அவன் கையை ஓங்கினான், இறக்கிக்கொண்டான். ஜெயலெட்சுமி மூலையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். வெகுநேரம் ஒரே பக்கத்திலேயே இருந்தாள். தனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதை அன்றுதான் கேட்டாள்.

விசாரணைக்கு முந்தின நாள் அவளிடம் அழகையா சொன்னான்: "கேட்டா பதிமூணுன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

"அப்ப பதுளைப் பள்ளிக்கூடம்?"

"மொதல்ல இந்த ஊருல இருக்கணும். பொறகு பள்ளிக்கூடத்தப் பாக்கலாம்."

பதுளை அலுவலகத்தில் பத்து மணிக்குக் கூப்பிடுவார்கள் என்றிருந்தது, இரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பவர் தமிழில் சொன்னார். எங்கே பிறந்தாய், எந்த வருடம் எந்தத் தோட்டத்தில் இருந்தாய், இந்தியாவுக்குப் போனாயா. அழகையா வாஹித் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தான்.

"எத்தனை பிள்ளைகள்?"

"ஒரு பொம்பளப்புள்ளைங்க."

இராக்கம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வயது?"

"பதிமூணுங்க."

அதிகாரி ஜெயலெட்சுமியை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"பதின்மூன்று மாதிரி இல்லையே என்கிறார்."

"தோட்டத்துப் புள்ளைங்க அப்பிடித்தாங்க, வளராதுங்க."

மொழிபெயர்ப்பவர் அவள் பக்கம் திரும்பினார். "எத்தனையாம் வகுப்புப் படிக்கிறாய்?"

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. "ஐந்தாம் வகுப்பு" என்றாள், வாத்தியாரிடம் சொல்வது போலத் தெளிவாக.

அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். பதின்மூன்று வயதில் ஐந்தாம் வகுப்பா? அந்தக் கேள்வி தமிழில் வந்து முடிவதற்குள்ளேயே அழகையா குறுக்கிட்டான்.

"புத்தி கொஞ்சம் மட்டுங்க" என்றான். "படிப்பு ஏறல. ஒவ்வொரு வகுப்புலயும் ரெண்டு வருசம் கெடந்துச்சு. எழுத்துக்கூட வராதுங்க அதுக்கு."

மொழிபெயர்ப்பவர் லேசாகச் சிரித்துவிட்டு அதை ஆங்கிலமாக்கினார். அதிகாரி எழுதிக்கொண்டார். ஜெயலெட்சுமிக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் தெரியும். முதலில் தகப்பன் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அது நடிப்பு என்று அழகையாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்த பிறகு அவளைப் பார்க்க முடியவில்லை.

முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

பசறைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒரு வளைவில் ஜெயலெட்சுமி வாந்தி எடுத்தாள். இராக்கம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள். "சோடா குடிக்கிறியா?" என்று அழகையா கேட்டான். வேண்டாமென்று தலையாட்டினாள்.

மறுநாள் வாத்தியார் அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, தான் எழுதி வைத்திருந்த சத்தியக் கடுதாசியை நான்காக மடித்து மேசைக்குள் போட்டார். "நான் உம்மைக் குறை சொல்லேல்லை" என்றார். குரல் குறை சொல்லியது.

பத்து நாளில் தோட்ட அலுவலகமான கந்தோரில் குடும்ப விபரம் சரிபார்த்தார்கள். விசாரணையில் சொன்ன வயதையே அழகையா அங்கேயும் சொல்ல வேண்டியிருந்தது. ஓரிடத்தில் பத்து, இன்னோரிடத்தில் பதின்மூன்று என்றால் மாட்டிக்கொள்வான். மாடசாமி காதில் அது விழுந்தது.

"பதிமூணு வயசாச்சா? வளந்த குமரிக்குப் பள்ளிக்கூடத்துல என்னடா வேல? திங்கக்கெழம பெரட்டுக்குக் கொண்டுட்டு வா, பேர் பதிவோம்."

பதினோராம் மாதம் முதல் திங்கள். ஐந்தாம் வகுப்பு முடிய இன்னும் ஐந்து கிழமை இருந்தது. பனியில் பெரட்டுக்களம் நனைந்து கிடந்தது. இராக்கம்மாவின் பழைய கூடை ஜெயலெட்சுமியின் முழங்கால் வரைக்கும் தொங்கியது. புதிதாகப் பேர் பதிய மூன்று பெண்கள் நின்றார்கள். முன்னால் நின்ற இருவரும் மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்திவிட்டு நகர்ந்தார்கள்.

மாடசாமி புத்தகத்தைத் திருப்பிப் பேனாவை நீட்டினார். "வாம்மா, கணக்கு டீச்சர். நீ கையெழுத்துப் போடுவியே. போடு பாப்போம்."

பக்கத்தில் கந்தோர்க் கிளார்க்கர் நின்றிருந்தார். பதுளைக்குக் கடுதாசி எழுதுகிறவர் அவர்தான். ஜெயலெட்சுமி அவரைப் பார்த்தாள். பிறகு சற்றுத் தள்ளி நின்ற தகப்பனைப் பார்த்தாள்.

"எழுத்து வராதுங்க" என்று சொல்லிப் பெருவிரலை நீட்டினாள்.

மாடசாமி சிரித்தார். "அப்ப அன்னைக்கு எனக்குக் கணக்குச் சொன்னது யாருடி?"

அவள் விரலை மையில் அழுத்தி, தன் பெயருக்கு எதிரே வைத்தாள். அழுத்தி வைத்துப் பழக்கமில்லாததால் மை பரவிப் பக்கத்துக் கட்டத்திலும் பட்டது. மாடசாமி திட்டிக்கொண்டே காகிதத்தால் ஒற்றி எடுத்தார்.

அழகையா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அன்றைக்குத் தனக்கு ஒதுக்கிய மலைக்கு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.