இருட்டுப் பெட்டி

எங்கள் ஸ்பீக்கரின் ஒலி இருட்டாக இருக்கிறதாம். அப்படித்தான் அந்த மனிதர் பத்திரிகையில் எழுதியிருந்தார். "போர்வைக்குள் படுத்துக்கொண்டு யாரோ பாடுவதுபோல" என்று உவமை வேறு. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெட்டியின் ஒலியைச் சரிசெய்ய நான் எத்தனை நாள் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று என் நாத்தனாரைக் கேட்டால் தெரியும்.

எங்கள் பட்டறை மூன்று பேரின் பட்டறை. மரம் அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்டுப் பெட்டியைப் பெட்டியாக்குவது நாத்தனார். உள்ளே வயரும் சர்க்யூட் பலகையும் பொருத்தி அதைப் பேச வைப்பது நான். கடைக்காரர்களிடம் போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வருவது என் கணவர். வசதியான வீடுகளில், நிதானமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அவர்களுக்கான சாமான் இது. அவர்களோ தங்கள் காதை நம்புவதில்லை. அந்தப் பத்திரிகையைத்தான் நம்புகிறார்கள். அதில் எழுதுகிறவருக்கு எங்கள் தொழிலில் 'காதரசர்' என்று பட்டப்பெயர். முதலில் கேலிக்கு வைத்ததா மரியாதைக்கு வைத்ததா தெரியாது. அவர் மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

இருட்டு என்று அவர் எழுதிய கையோடு கடைகள் எங்கள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கின. பட்டறையில் நடக்க இடமில்லை. என் கணவர் காதரசரின் வாசலில் தவம் கிடந்து, இன்னொரு முறை கேட்டுப் பார்க்கச் சம்மதம் வாங்கி வந்தார். இந்த முறையும் அவர் உதட்டைப் பிதுக்கினால் பட்டறையை மூட வேண்டியதுதான். அது எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவர் வந்தார். அடடா, அந்த வருகை! வெள்ளைச் சட்டை, கையில் சொந்த சிடிகள் அடங்கிய தோல்பை. நாங்கள் போட்டிருந்த நாற்காலியை ஒரு சாண் முன்னால் தள்ளினார், அரைச் சாண் பின்னால் இழுத்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். சுவரைப் பார்த்துவிட்டு, "அந்தக் கடிகாரத்தக் கழட்டிடுங்க. முள்ளு சத்தம் தொந்தரவா இருக்கு" என்றார். அந்தக் கடிகாரம் நின்றுபோய் மாதக்கணக்காகிறது. நாத்தனார் என்னைப் பார்க்காமலே சிரிப்பை அடக்கிக்கொண்டு போய் அதைக் கழற்றினாள். பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலை உயர்த்தினார். ஆரம்பிக்கலாம் என்று அர்த்தமாம்.

நான் பதற்றத்தோடு அவருடைய சிடியைக் கம்ப்யூட்டரில் செருகிப் பொத்தானைத் தட்டினேன். காலையில் ஸ்பீக்கரை அளந்து பார்த்தபோது கம்ப்யூட்டரில் போட்டிருந்த சோதனை ஒலியை மாற்ற மறந்துவிட்டேன். பாட்டுக்குப் பதில் அதுதான் கிளம்பியது. ஊசி மாதிரி மெல்லிசான விசில் அது. உச்ச ஸ்தாயிக்கென்று பெட்டியில் இருக்கும் ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வரும். மற்ற எதிலும் வராது. நாத்தனார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரை நோக்கிப் பாய்ந்தார்.

காதரசர் அசையவில்லை. கண்ணைத் திறக்காமலே, கொஞ்சம் சலிப்போடு கேட்டார்: "என்னங்க, எப்ப போடப் போறீங்க?"

என் கணவரின் கை அந்தரத்தில் நின்றது. விசில் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவருக்குக் கேட்கவில்லை. எங்கள் பெட்டி இருட்டு இல்லை. அவருடைய காதுதான் மேல் பாதியை இழந்திருந்தது. எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் அந்த நாற்காலியோடு அவரைத் தூக்கித் தெருவில் வைத்திருப்பேன். என் கணவர் முந்திக்கொண்டார். விசிலை நிறுத்திவிட்டு, பெட்டியில் ஏதோ கோளாறு, சரிசெய்துவிட்டு அடுத்த வாரம் அழைக்கிறோம் என்று குழைந்து, அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

வந்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவரும் என்னைப்போலக் கொதிப்பார் என்று நினைத்திருந்தேன்.

"தப்பிச்சோம்" என்றார். "அவருக்கு என்ன வேணும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. ட்வீட்டர அடக்கி வைக்குதே, அந்த ஒரு ரெசிஸ்டர மாத்திட்டா போதும். கூர்மையாயிடும்."

"கூர்மையாயிடும்னா? மத்தவன் காது கிழியும்ங்க."

"மத்தவன் காதா விமர்சனம் எழுதுது?"

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. சில வருடங்களாகவே ஸ்பீக்கர் கண்காட்சிக்குப் போனால் எனக்குத் தலை வலிக்கும். எல்லாக் கம்பெனிக்காரர்களின் பெட்டியும் வருடத்துக்கு வருடம் கீச்சிட்டுக்கொண்டே போகும். ஃபேஷன் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபேஷனாவது மண்ணாவது! ஒரு மனிதரின் காது மங்க மங்க, அத்தனை பேரும் அந்தக் காதுக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வாங்கிப்போகிறவர்கள் கைக்காசைக் கொடுத்துவிட்டு, தலைவலியோடு உட்கார்ந்து, இதுதான் உயர்ந்த ரசனை போலிருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"நான் மாத்த மாட்டேன்" என்றேன்.

"நீ மாத்த வேணாம். நான் மாத்திக்கறேன். எனக்கும் சால்டரிங் தெரியும்."

வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. அவர் மாற்றினார். நாத்தனார் ஒரே ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, கரண்டியால தட்டச் சுரண்டற மாதிரி இருக்கு. நான் இழைச்ச பெட்டியா இது?" என்றாள். அவள் அண்ணன் காதில் விழாததுபோலப் போய்விட்டார்.

காதரசர் மறுபடி வந்தார். கண்ணை மூடினார், விரலை உயர்த்தினார். பாடகியின் ஒவ்வொரு 'ச'வும் பாம்பு சீறுவதுபோல வந்தது. பாட்டு முடிந்ததும் அவர் கண்ணைத் திறந்து, "இப்பத்தான் திரை விலகியிருக்கு" என்றார். என் கணவருக்குக் கால் தரையில் பாவவில்லை. காப்பி கொண்டுவரச் சமையலறைப் பக்கம் ஓடினார்.

அறையில் நானும் காதரசரும்தான். அடக்க முடியவில்லை.

"திரை எல்லாம் ஒண்ணும் விலகலீங்க" என்றேன். "உங்களுக்கு மேல் சத்தம் கேக்கல. அன்னிக்கு அரை நிமிஷம் விசில் அடிச்சது. அடுத்த வீட்டு நாய் குரைச்சிருக்கும். நீங்க எப்ப போடுவீங்கன்னு கேட்டீங்க."

மறுப்பார், கத்துவார், எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிடியை எடுத்து நிதானமாக உறைக்குள் போட்டார்.

"தெரியும்மா" என்றார்.

"தெரியுமா?"

"டாக்டர் சொல்லி ரொம்ப நாளாச்சு. எழுதறத விட்டுடலாம்னுதான் இருந்தேன். ஆனா பாருங்க, நான் ஒண்ண இருட்டுன்னு எழுதினா, அடுத்த தடவ அத எனக்குக் கேக்கற மாதிரி மாத்திக் கொண்டாந்துடறாங்க. ஒருத்தர் கூட 'உங்க காதப் பாருங்க'ன்னு சொல்லல. நீங்கதான் முதல் ஆளு."

"அப்ப நிறுத்திடுங்க. உங்க காது போனதுக்கு எனக்கு நிஜமாவே வருத்தம்தான். அதுக்காக ஊர்க் காதெல்லாம் எதுக்குப் புண்ணாகணும்?"

அவர் தோல்பையை மூடிக்கொண்டு எழுந்தார். நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். மனிதர் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டாரே, இனி எந்த முகத்தோடு எழுதுவார் என்று ஒரு அசட்டு நம்பிக்கை.

அடுத்த இதழில் எங்களுக்கு முழுப் பக்கம். "பனி விலகிய விடியல். இந்தப் பெட்டியின் உச்ச ஒலிகள் வைரத் தெறிப்பு. இனி இவர்களை யாரும் இருட்டு என்று சொல்ல முடியாது." சொன்னவர் யார் என்று அதில் ஒரு வரி இல்லை.

ஆர்டர்கள் கொட்டின. கணவர் ஃபோனைக் காதிலிருந்து இறக்கவே இல்லை. நான் பட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் பலகை கட்டினேன். ஒவ்வொன்றிலும் என் பழைய ரெசிஸ்டரையே வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. என் கையால் ஒருவருக்குத் தலைவலி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நாத்தனாருக்கு மட்டும் தெரியும். முதல் பெட்டியைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள். "இதுதான் அண்ணி நம்ம பெட்டி" என்று சொல்லிவிட்டுப் பாலிஷ் துணியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆக, இருட்டு என்று திட்டு வாங்கிய அதே பெட்டிதான் வீடு வீடாகப் போனது. ஒன்றாவது திரும்பி வரும், விமர்சனத்தில் எழுதியதுபோல இல்லையே என்று ஒருவராவது கேட்பார், அப்போது எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பாராட்டித்தான் பேசினார்கள். பனி விலகிவிட்டதாம். வைரம் தெறிக்கிறதாம். பத்திரிகையில் இருந்த வார்த்தைகளை அப்படியே என்னிடம் ஒப்பித்தார்கள். என் பெட்டிக்குக் கிடைத்த பாராட்டு ஒவ்வொன்றும் கன்னத்தில் அறை வாங்கியதுபோல இருந்தது.

நேற்று ஒரு பெரிய கடைக்காரர் வந்திருந்தார். கணவர், அனுப்பத் தயாராயிருந்த ஒரு ஜோடிப் பெட்டியைப் பாட்டுக் கேட்கும் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான் கட்டிய பலகை, என் ரெசிஸ்டர். பாட்டு ஓடியது. பாடகி மனுஷியாகப் பாடினாள். கணவர் கண்ணை மூடி ரசித்தார். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா, மேல எப்படித் தெறிக்குது? முன்னாடி ரொம்ப மந்தமா இருந்துச்சு சார். நான்தான் உள்ள ஒண்ண மாத்தினேன்" என்றார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "இதுக்குத்தான் எங்கிட்டச் சண்ட போட்டா!"

கடைக்காரர் சிரித்தார். நான் பாட்டை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். கணவர் பின்னாலேயே ஓடிவந்து, "என்னாச்சு? ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?" என்றார். என்ன சொல்வது? அன்றைக்கு அந்த விசிலைக் கேட்டு முதலில் கம்ப்யூட்டரை நோக்கி ஓடியவர் இவர்தான். அந்தப் பெரியவருக்காவது காது போய்விட்டது. இவருக்கு என்ன கேடு?