சாந்தினும் மூத்த மான்கள்

கதிரவன் மேலைப் பாலைக்குன்றுகளில் இறங்க, பாய்மரக் கலங்கள் நைலாற்றின் செம்பொன் நீரைக் கிழித்துக் கரை திரும்ப, கெய்ரோ நகரத்துக் குவிமாடங்கள் பகலின் வெம்மையை மெல்லத் தணித்து நின்ற அந்திப்பொழுதில், ஆவணக் காப்பகச் சாளரத்தருகே நின்று பழைய ஒளிப்படக் கண்ணாடித் தகடொன்றை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தாள் வெரேனா.

தன் மக்களாகிய கொப்தியக் கிறித்தவரின் பழங்கோயிற் சிற்பங்களை ஆராய்ந்து நூல் யாத்தவள் அவள். அவள் சொல்லுக்கு அறிஞர் அவையில் மறுசொல் எழுந்ததில்லை. முன்னொருகால் தென்னெகிப்தின் சிற்றூர்க் கோயிலொன்றில், சிப்பிபோல் விரிந்த மாடக்குழியும் அதனுள் கொடியைக் கறிக்கும் இரு மான்களும் கண்டு, உளிக்கூர் சற்றும் மழுங்காமை நோக்கி, 'நேற்றைய கைவேலை. பழைமை நடிக்கும் பொய்' என்று அறுதியிட்டு எழுதினாள். அவ்வெழுத்தை நம்பி, கோயிலை அகலப்படுத்தியோர் அச்சுவரை இடித்து, கல்லைக் காளவாயிலிட்டுச் சுண்ணாம்பாக்கினர்.

தகடோ வேறு சொன்னது. மானொன்று முழுதும் வெளிப்பட்டு நிற்க, மற்றொன்றைப் பாதியளவு மூடியிருந்தது, அவள் காணுமுன்னரே பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்ட பழஞ்சாந்து. சாந்தின்மேல், ஆயிரமாண்டு மூத்த தூயவர் ஓவியம். ஓவியத்தினும் மூத்தது சாந்து. சாந்தினும் மூத்தவை மான்கள். வெயிலும் கையும் தீண்டாது உள்ளே உறங்கியதாலன்றோ அவை கூர் மழுங்காதிருந்தன! இத்தகடு அன்றும் இங்கேதான் இருந்தது. தன் கண்ணே போதுமென்றிருந்த அவள்தான் தேடவில்லை.

மறுநாளே தொடர்வண்டியேறி, ஊரார் 'அபூனா', அதாவது எந்தை, என்றழைக்கும் அக்கோயிற் குருவாகிய சராபமோனிடம் சென்று, ஒன்றும் மறையாது உரைத்தாள். தேநீர்க் குவளையை அவள்முன் நகர்த்தினார் அம்முதியவர்.

"ஒரு வார்த்தை திட்டிடுங்க அபூனா. நான் எழுதுனதாலதானே இடிச்சீங்க?"

"உன்னை மட்டும் எப்பிடிம்மா திட்டுறது? ஞாயித்துக்கிழமையானா சனம் வாசல்ல நிக்குது, இடம் பத்தல. இடிக்க ஒரு சாக்கு தேடிக்கிட்டிருந்தோம், நீ கொண்டாந்து குடுத்த. அந்த மானுங்க மேல எங்களுக்கும் ஆசைதான். ஆனா வேணாம்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல."

பழியைப் பலர் பங்கிட்டுக்கொண்டபோதும் தன் பங்கு குறைந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. நூலின் மறுபதிப்பில் அவ்வொளிப்படத்தைப் பதித்து, 'இதனைப் பொய்யென்றவள் நான். இன்று இது இல்லை' என்று அடியில் எழுதினாள். அவ்வரியின் நேர்மையை அறிஞர் பலர் வியந்து பாராட்டினர். பாராட்டுந்தோறும் அவள் தலை தாழ்ந்தது. பிழையை ஒப்புதல் கற்றார்க்குப் புகழாகலாம். சுண்ணாம்பாகிப் போன கல்லுக்கோ, அஃது ஒன்றும் ஆவதில்லை.