மொய் வரிசைக்கு ஜேபெக் போதும்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. எங்கள் வட்டார ஒளிப்படக் கலை மன்றத்தின் ஆண்டு மலருக்கு ‘ராவா, ஜேபெக்கா?’ என்று எழுதித் தரச் சொன்னார் தலைவர் காசிராஜன். மன்றத்தில் பெரும்பாலோர் ஒரகடம் தொழிற்சாலைகளில் துணை மேலாளர்கள். பீரங்கி போன்ற லென்சைத் தூக்கிக்கொண்டு ஞாயிறுதோறும் வல்லக்கோட்டைப் பக்கம் மயில் பிடிக்கப் போவார்கள். ராவில் எடுக்காதவன் கலைஞனே அல்ல என்பது மன்றத்தின் கொள்கை. அந்த மயில்கள் இன்னும் ராவாகவே கணினியில் கிடக்கின்றன. திறந்து பார்க்கத்தான் யாருக்கும் லீவு கிடைக்கவில்லை.

(தெரியாதவர்களுக்கு: ரா என்றால் கேமரா கண்டதையெல்லாம் அப்படியே வைத்துக்கொள்வது. கோப்பு பெருத்துவிடும். ஜேபெக் என்றால் எது வேண்டும், எது வேண்டாம் என்று கேமராவே முடிவு செய்து, வேண்டாததை எறிந்துவிட்டு மிச்சத்தைச் சுருக்கிக் கொடுப்பது. எறிந்தது திரும்பி வராது.)

கட்டுரையின் முதல் வரி: ‘உண்மை என்பது சுருக்க முடியாத ஒரு’

அதற்கு மேல் போகவில்லை. மலரில் போட என் படமும் கேட்டிருந்தார்கள். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஜெபகுமார் ஸ்டுடியோவுக்குப் போனேன். கண்ணுக்குக் கீழே தொங்கும் பைகளைக் கொஞ்சம் குறைத்துவிடும்படி நான் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கோவிந்தம்மா உள்ளே வந்தார்.

2

தொடக்கம் ஒன்று: ‘மகளைப் பறிகொடுத்த அந்தத் தாயின் விழிகளில் ஒரு சமுத்திரம்’ – வேண்டாம். சமுத்திரம் எதுவும் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன்.

தொடக்கம் இரண்டு: ஒரு கம்பெனியில் துப்புரவு ஷிப்ட் முடித்து, கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்றாமல் வந்தார் கோவிந்தம்மா. மகள் சசிகலா கம்பெனி உற்பத்தி லைனில் வேலை பார்த்தவள். தை மாதம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ஆடியில் படைக்க, சுவரில் மாட்ட, ஒரு படம் வேண்டும். அவள் தோழி பிரவீனாவின் கல்யாணத்தில் தாம் எடுத்த படத்திலிருந்து சசிகலாவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார் ஜெபகுமார்.

கோவிந்தம்மா திரையைப் பார்த்தார்.

“இன்னா ஜெபா இது? மூஞ்ச மெழுவி வுட்டாப்புல கீது.”

“நல்லாத்தானக்கா கீது. கல்யாணத்துல எல்லாருக்கும் அப்பிடித்தான்.”

“தழும்பு எங்க?”

“எந்தத் தழும்புக்கா?”

“புருவத்துக்கு மேல. தோ, இங்க. நான் வெச்சது.”

சின்ன வயதில் குழம்புச் சட்டியைக் கவிழ்த்திருக்கிறாள் சசிகலா. அம்மா கையில் தோசைக் கரண்டி இருந்திருக்கிறது. அவ்வளவுதான்.

“அவ போன்ல வேற படம் இல்லியாக்கா?”

“அதுல எல்லாத்துலயும் பூனைக் காது வெச்சிகினு கீறா. அத்த மாட்டி எப்பிடிடா படைக்கிறது?” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு திரையைத் தொட்டார். “தெனம் தல வாரி வுடும்போது அதத்தான் பாப்பேன். ஒரு நாளும் ஏன் அடிச்சன்னு கேட்டதில்ல அவ. இதுல பாத்தா நான் அடிக்கவே இல்லன்ற மாதிரி கீது. இந்த மூஞ்சிகிட்ட நான் இன்னான்னு மன்னிப்பு கேக்கறது?”

3

இங்கே கல்யாண போட்டோகிராபர்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை, பெண், தாலி, இவற்றுக்கு ரா. மொய் வரிசை மேடையேறத் தொடங்கியதும் கேமராவை ஜேபெக்குக்கு மாற்றி, முகம் மெழுகும் வசதியையும் முடுக்கிவிடுவார்கள். வந்தவர்கள் பந்தி முடிவதற்குள் படத்தைப் போனில் பார்க்க வேண்டும். பளபளவென்று பார்க்க வேண்டும். தவிர, வரிசையில் வருபவர்களுக்காக யார் மெமரி கார்டை நிரப்புவது?

சசிகலா வரிசையில் வந்தவள்.

(மன்றத்தில் இதைச் சொன்னேன். “அதனாலதான் ராவுல எடுக்கணும்ங்கறது!” என்று காசிராஜன் வெற்றிக்களிப்போடு மேஜையைத் தட்டினார். அவர் வீட்டுக் கல்யாணத்திலும் மொய் வரிசைக்கு ஜேபெக்தான்.)

4

“வரைஞ்சி வெக்கறேன், டீ குட்ச்சிட்டு வாக்கா” என்று கோவிந்தம்மாவை அனுப்பினார் ஜெபகுமார். இந்த இடத்தில் அவரைக் குற்றவுணர்வில் குமைபவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டிவைத்தார். அப்புறம் சொன்னார்:

“சார், அந்தப் பொண்ணுதான் கேட்டுச்சு. ‘அண்ணே, இந்தத் தழும்பு தெரியாம எடுங்கண்ணே’ன்னு. இப்பத்தான் ஞாபகம் வருது.”

முந்தைய வரைவில் இங்கே சசிகலா இன்னொரு வரியும் பேசினாள்: ‘அம்மா பாத்தா வருத்தப்படும்ணே.’ அருமையான வரி. எழுதிவிட்டு நானே கண் கலங்கினேன். ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. அது நான் மெழுகியது.

“ஏன்னு கேட்டீங்களா?” என்றேன்.

“எங்க சார் கேக்கறது? பின்னால கூட்டம். ‘தெரியாது பாப்பா, சிரி’ன்னேன். சிரிச்சிது. அடுத்த ஆள் வாங்கன்னேன்.”

அம்மாவுக்காகவா? பெண் பார்க்க வருகிறவர்களுக்காகவா? கேட்காமலே வைத்திருந்த கோபமா? எந்த ராவிலும் அது இருந்திருக்காது.

5

ஜெபகுமார் தழும்பை வரைந்துவிட்டார். ஒரு சொடுக்கில் வருகிறது, இன்னொரு சொடுக்கில் போகிறது.

“நீங்க எழுதறவர். சொல்லுங்க சார். தழும்பு வேணான்னு அந்தப் பொண்ணு சொன்னத அக்காகிட்ட சொல்லவா, வேணாவா?”

“கலையின் உண்மை என்பது ஜெபா...”

“அத்த வுடுங்க சார். சொல்லவா, வேணாவா?”

முடிவு ஒன்று: சொல்லவில்லை. தழும்போடு படம் மாட்டப்படுகிறது. மகள் மறைக்கச் சொன்னதன் முன்னால் அம்மா ஆடிதோறும் கற்பூரம் காட்டுகிறார்.

முடிவு இரண்டு: சொல்லிவிட்டார். மெழுகிய படத்தையே வாங்கிப்போகிறார் கோவிந்தம்மா. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அவள் ஏன்

இல்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன். எதை எழுதினாலும் ஒன்றை எறிந்தாக வேண்டும். எறிந்தது திரும்பி வராது.

(என் படமா? மெழுகியதுதான் மலரில் வந்திருக்கிறது. பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறேன் என்கிறார்கள்.)

வாசலில் கோவிந்தம்மா செருப்பை விடுகிறார். “ஆச்சா ஜெபா?” என்கிறார். திரையில் தழும்பு இருக்கிறது. ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று கணினி கேட்கிறது. ஜெபகுமார் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.