காயப்போட்ட பற்றரி

சிந்தசைசரின் அடிமூடியைக் கழற்றியதும் நவ்பர் தலையில் கைவைத்தான். பற்றரி கசிந்து, சர்க்கிட் போர்ட் முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது.

"தண்ணீரூற்றில இந்தத் திருத்துற கடை போட்ட நாள்முதல் இதே கரைச்சல்தான்," என்று புறுபுறுத்தபடி வினாகிரி தொட்டுத் தேய்த்தான். அரித்துப்போன செப்புக் கோடுகளுக்குப் பதிலாக மெல்லிய வயர் வைத்து ஈயத்தால் ஒட்டினான். மத்தியானம் தாண்டித்தான் அதில் சத்தம் வந்தது.

அதைக் கோயில் பஜனையில் வாசிக்கும் சிவகரன் எடுக்க வந்தான்.

"செத்த பற்றரியை ஏன் ஐசே கழற்றாமல் விட்டனீர்?" என்று நவ்பர் பாய்ந்தான்.

"சாகேல்லை நானா. சார்ஜ் இறங்கினால் வெயிலில காயப்போட்டுத் திரும்பப் போடுவம்."

"காயப்போட அதென்ன கருவாடோ? சூடு ஏறினால் ஊத்தும் எண்டு தெரியாதோ? கொஞ்சமாவது அறிவு வேண்டாமோ?"

சிவகரன் காசைக் கொடுத்துச் சிந்தசைசரை வாங்கிக்கொண்டு போனான்.

ஆத்திரம் அடங்காமலே நவ்பர் சாப்பிட வீட்டுக்குப் போனான். முற்றத்தில், கருவாட்டுத் தட்டின் ஓரத்தில், ரோச்லைற் பற்றரிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"றிம்ஸியா! ஆர் இதை இங்க வைச்சது?"

மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "விடிய நீங்கள்தானே வைச்சிட்டுப் போனனீங்கள்."

நவ்பர் குனிந்து, பற்றரிகளை மற்றப் பக்கம் பிரட்டிப் போட்டான்.