நெட்டைக் கம்பமும் குட்டைக் கம்பமும்

தையல்காரருக்கு முதல் சந்தேகம் அந்த நாற்காலியின் மேலேயே வந்தது. இத்தனை மெத்தென்று இருக்கிறதே, இதன் செலவை யார் தலையில் கட்டுவார்கள்? வெளிநாட்டுக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் அலுவலகம் அது. மனைவிக்கும் மகளுக்கும் நடுவில், நாற்காலி நுனியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

ஏஜென்ட் கணினித் திரையில் ஒரு வரைபடத்தின் இரண்டு கம்பங்களைக் காட்டினார். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை.

“காலேஜ்ல படிக்கிற ஒரு புள்ளைக்கு, உங்க பொண்ணு போகப்போற நாட்டு அரசாங்கம் பண்ற செலவு இது. பக்கத்துல இருக்கறது நம்ம அரசாங்கம். அதுல பாதிகூட இல்ல பாருங்க. நான் அளக்கல சார், அந்தந்த அரசாங்கமே வெளியிட்டது.”

மகள் கண் கொட்டாமல் நெட்டைக் கம்பத்தையே பார்த்தாள். உள்ளூர் அரசுக் கல்லூரியில் அவளுக்கு வேதியியல் இடம் கிடைத்திருந்தது. ஆசையாகப் பார்க்கப் போனவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினாள். பாதிப் பாடங்களுக்கு ஆசிரியர் இல்லை, ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறது. அன்றிலிருந்து ஒரே பிடிவாதம். ஆனால் அவள் வெளிநாடு போக வேண்டுமென்றால் கடையை விற்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம் என்று இருந்தது அந்தத் தையல் கடை ஒன்றுதான்.

மனிதர் சும்மா விடுவாரா? எதிர் டீக்கடையில் நின்று, ஏஜென்ட் அலுவலகத்துக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று நோட்டம் விட்டார். வாடகை ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று காவலாளியின் வாயைப் பிடுங்கினார். ஏஜென்டைச் சொன்னது மைத்துனன் என்பதால், அவனுக்கு ஏதாவது கமிஷன் இருக்குமோ என்று மனைவியிடமே ஜாடைமாடையாக விசாரித்தார்.

“கல்யாண போட்டோல பக்கத்துல நிக்கிறது நான்தானான்னு இன்னும் உத்துப் பாக்குற ஆளாச்சே நீங்க! எங்க தம்பிய மட்டும் விட்டுடுவீங்களா?” என்றாள் மனைவி.

விசாரித்ததில் ஒரு குற்றமும் அகப்படவில்லை. சட்டை தைக்கக் கொடுத்த பேராசிரியர் ஒருவர்கூட, “அந்தக் கணக்கு சரிதான்” என்று சொல்லிவிட்டார். கம்பம் பொய்யில்லை என்றதும் தையல்காரருக்குப் பாதி உயிர் வந்தது. கடையை வாங்க ஆள் பார்த்துப் பேசி முடித்துவிட்டு, ஏஜென்ட் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வந்து உட்கார்ந்தார்.

பேனாவை எடுத்த பிறகும் மனசு கேட்கவில்லை.

“நான் கட்டுறது போக, எங்க பொண்ணுக்கு அந்த அரசாங்கம் எவ்ளோ போடும்?”

ஏஜென்ட் நிமிர்ந்து பார்த்தார். “ஒண்ணும் போடாது சார். அது அந்த நாட்டுப் புள்ளைங்களுக்கு. வெளியில இருந்து வர்றவங்க முழுசாக் கட்டணும்.”

“அடப்பாவி! இத ஏன்யா முன்னாடியே சொல்லல?”

“யாரும் கேட்டதில்ல சார். அந்தக் கம்பத்தப் பாத்ததும் கையெழுத்துப் போட்டுடுவாங்க.”

ஆளைச் சந்தேகப்பட்டார், கட்டடத்தைச் சந்தேகப்பட்டார்; அந்த நெட்டைக் கம்பம் யாருக்காக நிற்கிறது என்று மட்டும் கேட்காமல் விட்டாரே! தையல்காரர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் உடைந்து அழுதாள். “அப்போ அந்தப் பூட்டுன ரூம் வாசல்ல நின்னு நான் என்னத்தப்பா படிக்கிறது?”

“கடை தப்பிச்சுதேன்னு சந்தோஷப்படு. எனக்கு அப்பவே தெரியும், இதுல ஏதோ இருக்குன்னு” என்று அவர் ஆரம்பித்தார்.

மனைவி வெடித்தாள். “போதும் உங்க பெருமை! ஊரான் அரசாங்கம் என்ன செலவு பண்ணுதுன்னு துருவித் துருவிக் கேட்டீங்க. நம்ம அரசாங்கம் நம்ம காலேஜுக்கு என்ன பண்ணுதுன்னு ஒரு நாளாவது போய்க் கேட்டீங்களா? அங்க மட்டும் ஏன் வாய் வரமாட்டேங்குது?”

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு அரசுக் கல்லூரிக்குப் போனார். அலுவலகத்தில் இருந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்து, “எந்தக் கட்சி? பத்திரிகையா?” என்றார். கல்லூரி முதல்வரும் கதவைச் சாத்திவிட்டு, “யாரு அனுப்புனாங்க உங்கள?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“யாரும் அனுப்பலைங்க. இவளோட அப்பா நான். ஆய்வகம் ஏன் பூட்டியிருக்கு?”

முதல்வர் மேசையில் கிடந்த கடிதக் கட்டைத் தள்ளிக் காட்டினார். “ஆள் இல்ல, சாமான் இல்ல. மேல கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு. பெத்தவங்க யாரும் வந்து கேக்கலையே, அப்புறம் என்ன அவசரம்னு திருப்பிக் கேக்குறாங்க.”

தையல்காரர் மகளைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, சேர்க்கைக்காகக் காத்திருந்த பெற்றோர் முன்னால் நின்றார். எதையோ விற்க வந்தவனைப் பார்ப்பதுபோல் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

“இந்த நாட்டு அரசாங்கம் செலவு பண்ண வேண்டியது நம்ம புள்ளைங்களுக்குத்தாங்க. நாம கேக்கலைன்னா, நமக்கு வேண்டாம்னுதான் அவங்க நினைப்பாங்க. ஆய்வகத்தத் திறக்கச் சொல்லிக் கேக்க நான் கல்வித்துறை ஆபீசுக்குப் போறேன். யாரு வர்றீங்க?”

ஒருவரும் அசையவில்லை. கடைசியில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற ஒரு அம்மா அவரைச் சந்தேகமாகவே பார்த்தபடி முன்னால் வந்தாள்.

“உங்கள எனக்குத் தெரியாது. ஆனா கேள்வி எனக்கும் அதேதான். வாங்க, போலாம்.”