மூன்றாம் மாடியில் நின்றவன்

முப்பத்தொரு வயது. சிகரெட்டை வாங்கிக்கொடுக்கக்கூட கையால் தொட்டதில்லை. இருந்தும் என் வலது நுரையீரலின் மேல்பகுதியில் புற்றுநோய் வந்து உட்கார்ந்துகொண்டது. சீக்கிரமே கண்டுபிடித்தாயிற்று, எங்கும் பரவவில்லை, அந்தப் பகுதியை வெட்டியெடுத்தால் பிழைத்துக்கொள்வேன் என்றார் டாக்டரம்மா. ஆனால் மிச்சமிருக்கும் நுரையீரல் ஆபரேஷனைத் தாங்குமா என்பதில்தான் அவருக்குச் சந்தேகம். குழாயில் ஊதிய பரிசோதனை அரைகுறையாகத்தான் பதில் சொல்லியிருந்தது.

"என்கூட அஞ்சு மாடி ஏறுங்க. நடுவுல நிக்கக்கூடாது. ஏறிட்டீங்கன்னா தேதி குறிச்சிடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தானே என்னைக் கூப்பிடுவார்கள்? கனமான பையோடு படியேறுவதுதான் என் பிழைப்பு. அக்கா பின்னால் வர, விறுவிறுவென்று ஏறினேன்.

மூன்றாம் மாடியில் நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியதால் அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் இறங்கும்போது கிறீச்சென்று ஒரு சத்தம். எண்ணெய் காய்ந்து எத்தனை நாளாயிற்றோ! பதினோரு வருடப் பழக்கம், கால் தானாக நின்றது, காது தானாகச் சுவருக்குப் போனது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: மூன்றாம் மாடியில் நின்றார்.

"ஐயோ டாக்டர், லிஃப்ட் சத்தத்தைக் கேட்டேன்!"

"நிக்கறவங்க எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லுவாங்க."

அக்கா பொரிந்து தள்ளினாள். "உசுரு ஊசலாடுது, உனக்கு லிஃப்ட் கேக்குதாடா?" பிறகு டாக்டரிடம் கெஞ்சினாள். அரை மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார் அவர்.

அக்கா நர்ஸிடம் பஞ்சு வாங்கி என் இரண்டு காதிலும் திணித்தாள். அவள் கை நடுங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. பயத்தோடு கோபமும் வந்தது. இந்தப் பாழாய்ப்போன நோய் என் அக்காவையா நடுங்க வைப்பது? ஐந்து மாடியும் ஒரே மூச்சில் ஏறி, "ஆறாவது கட்டலையா?" என்று கேட்டேன்.

அடுத்த வாரம் வெட்டியெடுத்தார்கள். இருமினால் விலாவில் உயிர் போகிற வலி. அதையும் பார்த்தாயிற்று. நான்காம் மாதம் பையைத் தூக்கினேன். முதல் வேலையாக அந்த லிஃப்டுக்கு எண்ணெய் போட்டேன்.

இன்று ஐந்தாம் வருட ஸ்கேன் முடிவு. ஐந்தாம் மாடியிலிருக்கும் டாக்டர் அறைக்கு வழக்கம்போல் படியில்தான் ஏறினோம். மூன்றாம் மாடியில் அக்கா நின்று, சுவரில் காதை வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா?"

"லிஃப்ட் சத்தம் கேக்கறேன்டா." கை அன்று போலவே நடுங்கியது.

மேலிருந்து டாக்டர் இறங்கி வந்தார், கையில் என் ஸ்கேன் கவர். அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"நிக்கறவங்க எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லுவாங்க. தம்பிக்கு ஒண்ணும் இல்லம்மா. நோய் திரும்பி வரவே இல்ல."

அக்கா அந்தப் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மீதி இரண்டு மாடியை நாங்கள் ஏறவே இல்லை.